இரட்டைக் கழுத்து அன்னம்: ஆங்கில நாட்டு மதுக்கடைப் பலகைகள் சொல்லும் கதை



எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஓர் ஊரில் ஒருவன் கடை வைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயரை எழுதி மாட்டினால் யார் படிப்பார்கள்? பத்து மைல் நடந்து களைத்து வரும் வழிப்போக்கனுக்கு, "இங்கே தாகம் தீர்த்துக்கொள்ளலாம், இரவு தங்கிப் போகலாம்" என்பதை எப்படித் தெரிவிப்பது?

ஆங்கில நாட்டுக் கடைக்காரர்கள் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். எழுத்துக்குப் பதிலாகப் படத்தை மாட்டினார்கள். ஒரு கடையில் சிங்கம், இன்னொரு கடையில் மணி, மற்றொன்றில் கலப்பை. "சிவப்புச் சிங்கத்துக்கு எதிர் வீடு" என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் இடம் தெரிந்துவிடும். அந்தப் படங்களே நாளடைவில் கடைகளின் பெயர்களாகவும் நிலைத்துவிட்டன.

அங்கே இந்தக் கடைகளைப் 'பப்' என்பார்கள். 'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொதுமக்கள் வந்து போகும் வீடு என்பதன் சுருக்கம் அது. குடிப்பதற்கு மட்டுமன்றி ஊர்க்கதை பேசவும், வேலை தேடவும், கூட்டம் கூடவும் அதுதான் இடம்.

குடிப்பழக்கத்துக்குப் பரிந்து பேச இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆகவே நாம் உள்ளே நுழைய வேண்டாம். வாசலில் நின்று, மேலே தொங்கும் பலகையை மட்டும் அண்ணாந்து பார்ப்போம். அதில் ஒரு நாட்டின் சரித்திரமே தொங்குகிறது!

கழியும் தழையும்

பலகைக்கு முன்னால் வந்தது தழை. ரோமாபுரியில் திராட்சை மது விற்ற கடைகளின் வாசலில் திராட்சைக் கொடியைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. ரோமானியர் பிரிட்டனைப் பிடித்தபோது அந்த வழக்கமும் கூடவே வந்தது என்பார்கள். குளிர் நாட்டில் திராட்சைக் கொடிக்கு எங்கே போவது? எப்போதும் பசுமையாக இருக்கும் வேறு செடிகளின் தழையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். 'புஷ்', அதாவது புதர் என்ற பெயரோடு அங்கே இன்றும் மதுக்கடைகள் இருப்பது இதனால்தான்.

இடைக்காலத்தில் பார்லியிலிருந்து பீர் வடிப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தது. சரக்குத் தயாரானதும் வாசலுக்கு மேலே ஒரு நீண்ட கழியை நீட்டி, அதன் நுனியில் தழையைக் கட்டிவிடுவார்கள். அதைக் கண்டதும் முதலில் வருபவர் வாடிக்கையாளர் அல்லர், அதிகாரி! சரக்குத் தரமானதுதானா, விலை சரிதானா என்று குடித்துப் பார்த்துச் சொல்வதே அவருடைய உத்தியோகம். எப்பேர்ப்பட்ட உத்தியோகம் பாருங்கள்!

ஒருவரை ஒருவர் மிஞ்ச வேண்டும் என்று கடைக்காரர்கள் கழியை நீட்டிக்கொண்டே போனார்கள். குதிரையில் வருபவர்களின் தலையில் இடிக்கும் அளவுக்கு அவை தெருவில் நீண்டன. 1375ஆம் ஆண்டில் லண்டன் நகர அதிகாரிகள், ஏழு அடிக்கு மேல் கழி நீளக் கூடாது என்று கட்டளை போட்டார்கள். பிறகு 1393இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில் இன்னொரு சட்டம் வந்தது. விற்பதற்காகப் பீர் வடிப்பவர் கட்டாயம் அடையாளப் பலகை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் சரக்குப் பறிமுதல்! சோதனைக்கு வரும் அதிகாரி வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டாமா? அதற்காகத்தான்.

அரசன் மாறினால் வர்ணம் மாறும்

சட்டம் வந்துவிட்டது. பலகையில் எதை வரைவது? ஆள்பவரைத் திருப்திப்படுத்தும் படத்தை வரைந்துவிட்டால் வம்பில்லை அல்லவா? இரண்டாம் ரிச்சர்டின் சின்னம், கழுத்தில் பொற்சங்கிலி பூண்ட வெள்ளை மான். ஆங்கில நாடெங்கும் 'வெள்ளை மான்' என்ற பெயரில் மதுக்கடைகள் பெருகியது இப்படித்தான்.

மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் சின்னம் வெள்ளைப் பன்றி. 1485இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் அவன் தோற்று மாண்டான். வெள்ளைப் பன்றிப் பலகை மாட்டியிருந்த கடைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. புதிய மன்னன் பார்த்தால் என்ன ஆகும்? வென்ற கட்சியைச் சேர்ந்த ஆக்ஸ்போர்டு பிரபுவின் சின்னமோ நீலப் பன்றி. ஒரு டப்பா நீல வர்ணத்தில் ஆபத்து நீங்கியது. ஒரே இரவில் வெள்ளைப் பன்றிகள் எல்லாம் நீலப் பன்றிகளாக மாறிவிட்டன என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

எட்டாம் ஹென்றி மன்னன் 1534இல் ரோமாபுரித் திருச்சபையின் தலைமையை உதறியபோதும் இதே கதைதான். 'போப்பாண்டவர் தலை' என்றிருந்த பலகைகள் 'மன்னர் தலை' ஆயின என்பார்கள். 'குறுக்குச் சாவிகள்', 'ஆட்டுக்குட்டியும் கொடியும்', 'தேவதூதன்' போன்ற சமயச் சின்னங்கள் மட்டும் தப்பித்துக்கொண்டன.

மிக அதிகமாகக் காணப்படும் பெயர் 'சிவப்புச் சிங்கம்'. செல்வாக்கு மிகுந்த ஜான் ஆஃப் காண்ட் என்ற பிரபுவின் சின்னம் அது என்பது ஒரு கதை. 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் ஆங்கில நாட்டுக்கும் மன்னரானபோது, தம் நாட்டுச் சிவப்புச் சிங்கத்தை எங்கும் மாட்டச் சொன்னார் என்பது மற்றொரு கதை.

மரத்தில் ஒளிந்த மன்னன்

'ராயல் ஓக்' என்ற பெயரும் ஊருக்கு ஊர் உண்டு. 'அரச ஓக் மரம்' என்று பொருள். மரத்துக்கு அரச மரியாதை எப்படி வந்தது?

1651 செப்டம்பர் 3ஆம் நாள் உஸ்டர் என்ற இடத்தில் நடந்த சண்டையில் குரோம்வெல்லின் படை இரண்டாம் சார்லஸைத் தோற்கடித்தது. அவனுக்கு அப்போது வயது 21. அவனுடைய தந்தையின் தலையை வெட்டி மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. பிடிபட்டால் அவன் கதியும் அதுதான். பாஸ்கபல் என்ற இடத்தில் மரம் வெட்டிப் பிழைத்த பென்டெரல் சகோதரர்கள் அவனுக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். நீண்ட முடியைக் கத்தரித்து, தொழிலாளியின் முரட்டு உடையை மாட்டி அவனை மறைத்தார்கள். செப்டம்பர் 6ஆம் நாள் பகல் முழுவதும் அவன் ஒரு பெரிய ஓக் மரத்தின் மேல், துணைக்கு வந்த ஓர் அதிகாரியின் மடியில் தலைவைத்துத் தூங்கியபடி ஒளிந்திருந்தான். கீழே காட்டில் எதிரிப் படையினர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் தலைக்கு 1,000 பவுன் வெகுமதி. மரம் வெட்டும் ஏழைகள் கனவிலும் காணாத பணம் அது. ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. சார்லஸ் தப்பிப் பிரான்சுக்குப் போய், 1660இல் மன்னனாகத் திரும்பினான். அந்தச் சகோதரர்களுக்கு உதவிப் பணமும் ஏற்பாடு செய்தான். நன்றி மறக்கவில்லை, சரிதான். ஆனால் பலகையைப் பாருங்கள்: மரம் இருக்கிறது, இலைகளுக்கு நடுவே கிரீடம் இருக்கிறது. காப்பாற்றிய ஏழைகளைக் காணோம்!

காதில் விழுந்தது ஒன்று, பலகையில் வந்தது ஒன்று

எல்லாப் பெயரும் மன்னர்களால் வந்ததில்லை. சில பெயர்கள் ஜனங்களின் நாக்கில் உருண்டு உருமாறியவை.

'இரட்டைக் கழுத்து அன்னம்' என்றொரு பெயர். ஓர் உடல், இரண்டு கழுத்து, இரண்டு தலை! அப்படி ஒரு பறவை உலகத்தில் ஏது? தேம்ஸ் நதியிலுள்ள அன்னங்களில் அரச குடும்பத்துக்கு உரிமை உண்டு. அவ்வாறே திராட்சை மது வணிகர் சங்கத்துக்கும், சாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் 15ஆம் நூற்றாண்டிலிருந்து உரிமை உண்டு. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் படகில் போய் அன்னங்களை எண்ணுவார்கள். முன்காலத்தில், மது வணிகர் சங்கத்து அன்னத்தின் அலகில் இரண்டு வெட்டுக்குறி போடுவார்கள். ஆங்கிலத்தில் வெட்டுக்குறிக்கு 'நிக்' என்று பெயர், கழுத்துக்கு 'நெக்'. இரண்டு 'நிக்' உள்ள அன்னம், இரண்டு 'நெக்' உள்ள அன்னமாகிவிட்டது. ஓவியர் என்ன செய்வார், பாவம்! சொன்னபடி வரைந்துவிட்டார். இப்போது அலகில் வெட்டுவதில்லை. காலில் வளையம் மாட்டுகிறார்கள்.

லண்டனில் 'யானையும் கோட்டையும்' என்ற பெயரில் ஒரு வட்டாரமே இருக்கிறது. 1765லேயே அங்கே அந்தப் பெயரில் மதுக்கடை இருந்தது. கடையின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. 1890இல் அங்கே திறந்த சுரங்க ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். ஸ்பெயின் நாட்டு இளவரசி ஒருத்தியின் பட்டப் பெயர்தான் இப்படிச் சிதைந்தது என்று ஜனங்கள் கதை சொல்வார்கள். உண்மை அதுவல்ல. யானைத் தந்தத்தில் கத்திப் பிடி செய்த கத்தித் தொழிலாளர் சங்கத்தின் சின்னம் அது. யானையையே பார்த்தறியாத அந்நாட்டு ஓவியர்கள், யானை மேல் ஆட்கள் அமர்ந்து போகும் அம்பாரியைக் கல் கோட்டையாகவே வரைந்து வைத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்!

விலங்குப் பெயர் என்றதும் நம் தலைநகரத்துச் செய்தி ஒன்று. கோலாலம்பூரில் 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பை வெள்ளைக்காரத் துரைமார் 'புள்ளி நாய்' என்றே செல்லமாக அழைத்தார்கள். 'புள்ளி நாய்' என்பது அவர்கள் ஊர் மதுக்கடைகளில் வழங்கும் பெயர். இங்கே அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. கடல் தாண்டி வந்தாலும் ஊர்ப் பழக்கம் விடவில்லை, பார்த்தீர்களா?

பலகை விழுந்து நால்வர் பலி

நாளுக்கு நாள் பலகைகள் பெருத்தன. மரமும் இரும்புமாகச் சேர்த்து, தெருவையே மறைக்கும் அளவுக்கு மாட்டினார்கள். நார்ஃபோக் மாவட்டத்தில் ஸ்கோல் என்ற ஊரில் ஒரு வெள்ளை மான் விடுதி. அங்கே 1655இல் சாலையின் குறுக்கே வளைவுபோல எழுப்பிய பலகைக்கு 1,000 பவுனுக்கு மேல் செலவானது.

ஆடம்பரத்துக்கும் ஒரு விலை உண்டல்லவா? 1718இல் லண்டன் ஃப்ளீட் தெருவுக்கு அருகே ஒரு சந்தில், பாரம் தாங்காமல் ஒரு பலகை வீட்டின் முன்சுவரையே இழுத்துக்கொண்டு விழுந்தது. தெருவில் நின்ற நால்வர் மாண்டார்கள். அப்படியும் உடனே யாரும் விழித்துக்கொள்ளவில்லை. 1760களில்தான் லண்டனில் தொங்கும் பலகைகளை அகற்ற உத்தரவு வந்தது. படத்துக்குப் பதிலாக வீட்டு எண் வந்தது. மற்றக் கடைகளின் படங்கள் மெல்ல மறைந்தன. மதுக்கடை மட்டும் தன் படத்தை விடவில்லை.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

படம் வரைபவன் கையில் அதிகாரம் இருக்கிறது. அவன் யாரைக் கேலி செய்கிறான் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

'அமைதியான பெண்' என்று ஒரு பெயர். பலகையில் நிற்கும் பெண்ணுக்குத் தலையே இல்லை! தலை போனால்தான் பெண் வாயை மூடுவாள் என்பது அந்தக் காலத்து ஆண்களின் நகைச்சுவை. இதைப் படிக்கும் தாய்மார்கள் கோபப்பட்டால் நியாயம்தான்.

அதைவிட மோசமானது 'வீண் வேலை' என்ற பலகை. கறுப்பு நிறக் குழந்தை ஒன்றைத் தொட்டியில் உட்காரவைத்து, வெள்ளைக்காரப் பெண்கள் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவதுபோல் சில ஊர்களில் வரைந்திருந்தார்கள். மனிதனின் தோலைக் கேலிப் பொருளாக்கிய காலம் அது. 'கறுப்புப் பையன்' என்ற பெயரும் பல கடைகளுக்கு உண்டு. 2021இல் கிரீன் கிங் என்ற பெரிய மது நிறுவனம், இப்படிப்பட்ட பெயர் கொண்ட தன் கடைகளில் நான்கின் பெயரை மாற்றப்போவதாக அறிவித்தது. "பழைய பெயரை ஏன் மாற்ற வேண்டும்?" என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் வெள்ளைப் பன்றி ஒரே இரவில் நீலமான நாடு அல்லவா அது? மன்னனுக்குப் பயந்து மாற்றலாம், மனிதனை மதித்து மாற்றக் கூடாதா?

உழைப்பவன் பெயர்

இனி நம்மைப் போன்ற உழைப்பாளிகளின் பக்கம் வருவோம். 'கலப்பை', 'கோதுமைக் கட்டு', 'கம்பளிப் பொதி', 'தச்சர் சின்னம்', 'கொத்தனார் சின்னம்' என்ற பெயர்கள் ஆங்கில நாட்டில் ஏராளம். இவை வெறும் அலங்காரம் அல்ல. வேலை தேடி ஊர் ஊராக அலைந்த தச்சன், தன் தொழிலாளர்கள் கூடும் கடைக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பான். ஆள் தேவைப்படும் முதலாளியும் அங்கேதான் சொல்லியனுப்புவார். ஒருவன் நோயில் விழுந்தால் உதவ, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வைத்ததும் அதே கூரையின் கீழேதான்.

ஆனால் இதிலே ஒரு கண்ணியும் இருந்தது. லண்டன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கும் தொழிலாளிக்கு, மதுக்கடைக்காரர் மூலமாகத்தான் வேலை கிடைத்தது. குடிக்காதவனுக்கு வேலை இல்லை! 1843இல் ஒரு சட்டம் வந்து, வேலைக்கு ஆள் எடுக்கத் தனி அலுவலகம் ஏற்பட்ட பிறகே அவர்கள் தப்பித்தார்கள். சம்பளத்தை மதுக்கடையில் வைத்துக் கொடுக்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. கூலிக்காகக் காத்திருக்கும்போதே கடனுக்குக் குடிப்பான்; கூலி கைக்கு வரும்போது பாதி இருக்காது. வீட்டில் மனைவி மக்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு முடிவு கட்டத்தான், சுரங்கத் தொழிலாளருக்கு மதுக்கடையில் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று 1842இல் சட்டம் செய்தார்கள். 1883இல் மற்றத் தொழிலாளருக்கும் அது விரிந்தது. சம்பள நாளும் கள்ளுக்கடையும் செய்த கோலத்தை நம் தோட்டங்களும் அறியும். அதனால் அந்தச் சட்டத்தின் அருமை நமக்கு நன்றாகவே புரியும்.

அதே மதுக்கடையில்தான் உரிமைக் குரலும் பிறந்தது. 1792 ஜனவரி 25ஆம் நாள், லண்டனில் 'மணி' என்ற கடையில் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தொழிலாளி ஒரு சின்னக் கூட்டம் போட்டார். வந்தவர்கள் ஒன்பது பேர். வாரச் சந்தா ஒரு பென்னி. சாதாரண மனிதனுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தச் சங்கம் வளர்ந்து அரசாங்கத்தையே நடுங்க வைத்தது. 1794இல் ஹார்டியை ராஜத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார்கள். ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்.

எல்லாவற்றையும்விட நம் நெஞ்சைத் தொடும் பலகை ஒன்று உண்டு. டார்செட் மாவட்டத்தில் டால்பட்டில் என்பது ஒரு சிற்றூர். அங்கே பண்ணைக் கூலிகளுக்கு வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8, 7 என்று இறங்கியது. இனி 6 ஷில்லிங்தான் என்றார்கள் முதலாளிகள். கூலிகள் ஒன்றுசேர்ந்து சங்கம் வைத்தார்கள். சங்கம் வைப்பது குற்றமல்ல. ஆகவே, ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று வேறொரு சட்டத்தைத் தேடிப் பிடித்தார்கள். 1834இல் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடு கடத்தல் தண்டனை. கைதிகளாகக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். நாடே கொதித்தது. லண்டன் தெருக்களில் பெரும் ஊர்வலம், லட்சக்கணக்கில் கையெழுத்து. 1836இல் அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. தொழிற்சங்க இயக்கம் அந்த அறுவரை இன்றும் தியாகிகள் என்று போற்றுகிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் அவ்வூரில் விழா எடுக்கிறது.

அந்த ஊர் மதுக்கடைக்குத் 'தியாகிகள் விடுதி' என்று பெயர் சூட்டினார்கள். மன்னன் இல்லை, பிரபு இல்லை, சிங்கம் இல்லை. வாரம் 7 ஷில்லிங் வாங்கிய ஆறு கூலிகளின் நினைவு பலகையில் ஏறியது!

மறையும் பெயர்கள்

இந்தப் பலகைகள் இப்போது குறைந்து வருகின்றன. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் 60,000 மதுக்கடைகளுக்கு மேல் இருந்தன. இன்று 50,000க்கும் குறைவு. குடி குறைந்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் கடையோடு சேர்ந்து கதையும் போய்விடுகிறது என்பதே அந்நாட்டவரின் கவலை. ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1765இல் கட்டிய ஒரு வீடு, கீழே நிலக்கரி தோண்டியதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஒரு பிரபு குடும்பத்தின் பெயரை அந்தக் கடைக்கு வைத்திருந்தும், ஜனங்கள் 'கோணல் வீடு' என்றே அழைத்தார்கள். கடைசியில் அதுவே பெயராயிற்று. 2023 ஆகஸ்டில் அது தீப்பிடித்து எரிந்தது. இரண்டே நாளில் இடித்தும் தள்ளிவிட்டார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள். பழையபடியே கட்டித் தர வேண்டும் என்று 2024இல் மாவட்ட மன்றம் உத்தரவிட்டது.

வாசகர்களே! துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டிவிட்டுப் போன தோட்டங்கள் நம் நாட்டில் பல உண்டு. அந்தப் பெயர் நாக்கில் நுழையாமல், நம் பெரியவர்கள் அதே தோட்டத்துக்குத் தமிழில் வேறொரு பெயர் வைத்து அழைத்ததும் உண்டு. துரை வைத்த பெயர் பலகையில் இருந்தது. நம்மவர் வைத்த பெயர் வாய்ச் சொல்லாகவே இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இடிந்துவிட்ட இந்த நாளில், அந்தப் பெயரைச் சொல்ல இன்னும் சிலரே இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் இன்று இரவே கேளுங்கள்: "பாட்டி, நம்ம தோட்டத்தை அந்தக் காலத்துல என்னான்னு கூப்பிடுவாங்க? ஏன் அந்தப் பேரு?" சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.